பற்றரியில் இயங்கும் அம்பிளிபயருக்கு ஒரு சிறிய மின்வழங்கி



மீள்குடியேறிய கிராமங்களுக்கும், சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளைப் பார்த்திருக்கும் குடும்பங்களிடமும் போய் வரும்போது இளைஞர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு காரியம் உண்டு. “எங்களுக்கென்று ஓர் ஒலிபெருக்கி செய்ய முடியாதா?” என்பதே அது. தண்ணீர் பவுசர் வந்துவிட்டது என்று அறிவிக்க, தாய்மார் கிளினிக்கு நாளை நினைவூட்ட, விவசாயக் கூட்டத்தில் பின் வரிசையில் இருக்கும் முதியவர்களுக்கும் கேட்கச் செய்ய, மாலைச் செபத்தை நடத்த என்று தேவைகள் பல. ஒவ்வொரு முறையும் வாடகைக்கு எடுக்கக் கையில் காசில்லை. கரண்ட் இல்லாத இடமும் உண்டு; இருந்தும் அடிக்கடி நின்றுபோகும் இடமும் உண்டு.

சிறிய அம்பிளிபயர் செய்வது கடினமல்ல. ரி.டி.ஏ. 2030 என்ற ஐ.சி.யை வைத்துப் பலர் ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். ஆனால் 12 வோல்ற்றுப் பற்றரியில் அதை இணைத்தால் சத்தம் எழும்புவதில்லை. இந்தப் பாடத்தில், அதே பற்றரியிலிருந்து 28 வோல்ற்று எடுத்துக் கொடுக்கும் தீப்பெட்டியளவான மின்வழங்கி ஒன்றைச் செய்யப் பழகுவோம். அதோடு, அது பற்றரியிடமிருந்து என்ன விலை கேட்கிறது என்பதையும் கணக்குப் பார்ப்போம். இரண்டாவது பகுதியே முக்கியமானது. அதை விட்டுவிட்டு முதற் பகுதியை மட்டும் செய்ய வேண்டாம்.

12 வோல்ற்று ஏன் போதாது?

ஸ்பீக்கரின் பின்புறத்தில் 8 ஓம் என்று எழுதியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அம்பிளிபயர் ஐ.சி. தனக்கென்று மூன்று நான்கு வோல்ற்றை வைத்துக்கொண்டு மிகுதியையே ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். அந்த மிகுதியும் மேலுக்குப் பாதி, கீழுக்குப் பாதி என்று பிரியும். ஆகவே 12 வோல்ற்றில் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்சம் ஏறத்தாழ 4.5 வோல்ற்று. உச்ச வோல்ற்றை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இருமடங்கால் வகுத்தால் வாற்று வரும்.

12 வோல்ற்றில்: 4.5 × 4.5 ÷ 16 = 1.27 வாற்று.
28 வோல்ற்றில் உச்சம் 12 வோல்ற்று: 12 × 12 ÷ 16 = 9 வாற்று.

வோல்ற்று இரண்டரை மடங்குக்குக் குறைவாகவே கூடியது. ஒலிச்சக்தி ஏழு மடங்காகிவிட்டது. இதுவே 28 வோல்ற்றைத் தேடுவதன் காரணம். ரி.டி.ஏ. 2030 தாங்கக்கூடிய ஆகக்கூடிய வோல்ற்று 36. ஆகவே 28 பாதுகாப்பான அளவு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இருபது முப்பது பேர் கூடும் ஒரு கொட்டிலுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. ரி.டி.ஏ. 2003 என்ற வாகன வானொலி ஐ.சி.யையும் 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றையும் பற்றரியில் நேரே இணைத்தால் இரண்டரை வாற்று வரை கிடைக்கும். அது போதுமானால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திறந்த வெளியிலும் நீளமான மண்டபத்திலும் பேச வேண்டியவர்களுக்கே இந்தப் பாடம்.

குழாய் அதிர்வது போல

தோட்டத்துக்கு இறைக்கும்போது, குழாயில் நீர் வேகமாக ஓடிக்கொண்டிருக்க, திருகியைச் சடுதியாக மூடிப் பாருங்கள். குழாய் ‘டக்’ என்று அதிரும். சில வேளை மூட்டும் கழன்றுவிடும். ஓடிய நீர் உடனே நிற்க மறுத்து, தன் வேகத்தை அழுத்தமாக மாற்றுவதே அதற்குக் காரணம். அந்த நொடியில் குழாயினுள் உண்டாகும் அழுத்தம், இறைக்கும் மெசின் கொடுத்த அழுத்தத்தைவிடக் கூடியது.

கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டமும் அப்படியே. சுருளை நிலத்தோடு தொடுத்தால் பற்றரியிலிருந்து மின்னோட்டம் அதில் ஓடத் தொடங்கிக் கூடிக்கொண்டே போகும். தொடுப்பைச் சடுதியாக அறுத்தால் அது நிற்க மறுத்து, வோல்ற்றை உயர்த்தி வேறு வழி தேடும். அந்த வழியில் ஒரு டையோட்டையும் ஒரு கொள்ளளவியையும் வைத்துவிட்டால், உயர்ந்த வோல்ற்றில் வந்த மின் கொள்ளளவியில் சேரும். டையோட்டு, போன மின் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழிக் கதவு. கொள்ளளவி, சேர்த்து வைக்கும் தொட்டி.

தொடுப்பதையும் அறுப்பதையும் கையால் செய்ய முடியாது. எம்.சி. 34063 என்ற எட்டுக் கால் ஐ.சி. அதை ஒரு விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் செய்கிறது. இப்படி ஆளியைத் திறந்து மூடி வேலை செய்வதால் இதற்கு ஆளிமுறை மின்வழங்கி என்று பெயர். பெரிய குடத்தால் எப்போதாவது ஒரு தடவை ஊற்றுவதற்குப் பதிலாகச் சிறு கரண்டியால் ஓயாமல் ஊற்றுவது போன்றது. ஒவ்வொரு தடவையும் எடுப்பது சிறிதாகையால் சுருளும் சிறிதாயிருந்தால் போதும். 50 ஹேற்சில் வேலை செய்யும் பழைய இரும்பு நிலைமாற்றி கனமாயிருப்பதும், இது கைக்குள் அடங்குவதும் இதனாலேயே.

தேவையான பொருட்கள்

ஐ.சி. எம்.சி. 34063 - ஒன்று, அதற்கான எட்டுக்கால் இருக்கையுடன்
டையோட்டு 1என்5819 - ஒன்று
தடையிகள்: 0.22 ஓம் (ஒரு வாற்று), 180 ஓம் (அரை வாற்று), 2.2 கிலோ ஓம், 47 கிலோ ஓம்
கொள்ளளவிகள்: 1500 பிக்கோ பரட்டு, 100 மைக்ரோ பரட்டு 25 வோல்ற்று, 330 மைக்ரோ பரட்டு 50 வோல்ற்று, 2200 மைக்ரோ பரட்டு 50 வோல்ற்று
170 மைக்ரோ ஹென்றிச் சுருள் - நாமே சுற்ற வேண்டும்
2 அம்பியர் பியூஸ், அதன் கூடு, ஓர் ஆளி, துளையிட்ட செப்புப் பலகை

டையோட்டைக் கடையில் கேட்கும்போது இலக்கத்தைக் கவனியுங்கள். மின்னேற்றிகளில் சாதாரணமாகப் போடும் 1என்4007 உருவத்தில் ஒன்றுபோல இருக்கும். ஆனால் அது 50 ஹேற்சுக்கானது. இந்த வேகத்துக்கு அதன் கதவு மூடி முடியாது, சூடாகி எரிந்துவிடும்.

சுருளைச் சுற்றுதல்

முழு வேலையிலும் பொறுமை தேவைப்படுவது இதற்குத்தான். பழைய கணினி மின்வழங்கிகளுக்குள் மஞ்சள் நிறத்தில், ஒரு பக்கம் மட்டும் வெள்ளை பூசிய வளையம் ஒன்று இருக்கும். அது இரும்புத் தூளை அழுத்திச் செய்தது. வெளி விட்டம் ஏறத்தாழ 27 மில்லிமீற்றர் உள்ள வளையம் ரி 106-26 எனப்படும். பழைய கம்பியைக் கழற்றிவிட்டு, 0.7 மில்லிமீற்றர் எனாமல் பூசிய செப்புக் கம்பியை 43 சுற்றுகள் ஒரே திசையில் நெருக்கமாகச் சுற்றுங்கள். இரண்டு மீற்றர் கம்பி போதும். இரு முனைகளிலும் எனாமலை நன்றாகச் சுரண்டிய பின்னரே ஈயம் ஒட்ட வேண்டும். சுரண்டாத முனையில் ஈயம் ஒட்டியது போலத் தெரியும், மின் போகாது.

நாங்கள் முதலில் செய்தபோது கறுப்பு நிற பெரைட் வளையம் ஒன்றில் சுற்றினோம். கைக்கு அழகாக வந்தது. இயக்கியதும் ஐ.சி. தொட முடியாதபடி சுட்டது. இடைவெளியில்லாத பெரைட் வளையம் சிறு மின்னோட்டத்திலேயே காந்தத்தால் நிரம்பிவிடும். நிரம்பிய பின் அது சுருளாக நடவாது, வெறும் கம்பியாகவே நடக்கும். இரும்புத் தூள் வளையத்தில் தூள்களுக்கிடையே சிறு சிறு இடைவெளிகள் இருப்பதால் அது தாங்குகிறது. நிறத்தைப் பார்த்து எடுங்கள் என்று சொல்வது இதற்காகவே.

கழித்த கணினி மின்வழங்கியைத் திறக்கும் முன் ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள பெரிய கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கலாம். சுவரிலிருந்து கழற்றிய பிறகும் அது இருக்கும். சில நாட்கள் சும்மா வைத்து, மல்ரிமீற்றரால் அளந்து, ஒன்றுமில்லை என்று கண்ட பின்னரே கை வையுங்கள். இல்லாவிடில் பழக்கமான வானொலி திருத்துபவரிடம் கொடுத்து வளையத்தை மட்டும் கழற்றி வாங்குங்கள்.

இணைக்கும் முறை

ஐ.சி.யின் வெட்டு மேலே இருக்கும்படி பிடித்தால் இடது மேற்கால் 1. இடப்பக்கம் கீழ்நோக்கி 1, 2, 3, 4. வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8.

1. பற்றரியின் நேர்முனையிலிருந்து பியூஸ், ஆளி வழியாக 6ஆம் காலுக்கு வாருங்கள். பியூஸ் பற்றரிக்கு மிக அருகில் இருக்கட்டும்.
2. பற்றரியின் மறைமுனை நிலக்கம்பியாகும். 2ஆம், 4ஆம் கால்கள் அதில் சேரும்.
3. 6ஆம் காலுக்கும் நிலத்துக்கும் இடையே 100 மைக்ரோ பரட்டு. நேர், மறை மாறக்கூடாது.
4. 6ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் இடையே 0.22 ஓம். இது காவற்காரன். மின்னோட்டம் ஏறத்தாழ 1.36 அம்பியரைத் தொடும்போது ஐ.சி. தன் ஆளியை அறுத்துவிடும்.
5. 7ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் இடையே 180 ஓம்.
6. 7ஆம் காலுக்கும் 1ஆம் காலுக்கும் இடையே நாம் சுற்றிய சுருள்.
7. 3ஆம் காலுக்கும் நிலத்துக்கும் இடையே 1500 பிக்கோ பரட்டு. வேகத்தைத் தீர்மானிப்பது இதுவே.
8. 1ஆம் காலிலிருந்து டையோட்டு. வெள்ளிக் கோடுள்ள முனை வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அந்த முனையே 28 வோல்ற்று வெளியீடு. அதற்கும் நிலத்துக்கும் இடையே 330 மைக்ரோ பரட்டு.
9. வெளியீட்டிலிருந்து 47 கிலோ ஓம் 5ஆம் காலுக்கு. 5ஆம் காலிலிருந்து 2.2 கிலோ ஓம் நிலத்துக்கு.

கடைசி இரு தடையிகளுமே வோல்ற்றை நிர்ணயிக்கின்றன. 5ஆம் காலில் 1.25 வோல்ற்று நிற்கும்படி ஐ.சி. பார்த்துக்கொள்ளும். ஆகவே 47ஐ 2.2ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 1.25ஆல் பெருக்கினால் 27.95 வரும். இதுவே நமது 28.

சுருள், டையோட்டு, 330 கொள்ளளவி, 2ஆம் கால் ஆகிய நான்கையும் இணைக்கும் கம்பிகள் மிகக் குறுகியவையாக இருக்கட்டும். இங்கே நீளம் கூடினால் இரைச்சலும் கூடும்.

சோதித்துப் பார்த்தல்

அம்பிளிபயரை இப்போது இணைக்க வேண்டாம். பற்றரியின் நேர்க்கம்பியில் 12 வோல்ற்று 21 வாற்று வாகன பிறேக் விளக்கு ஒன்றைத் தொடராகப் போட்டு ஆளியைப் போடுங்கள். விளக்கு ஒருகணம் மினுங்கி அணைந்தால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டேயிருந்தால் எங்கோ பிழை. உடனே நிறுத்தி ஒவ்வோர் இணைப்பாகப் பாருங்கள். வெளியீட்டில் 12க்குச் சற்றுக் குறைவாகவே காட்டினால் ஐ.சி. வேலை செய்யவில்லை என்பது பொருள். 3ஆம், 5ஆம், 8ஆம் கால்களின் ஈயத்தைச் சரிபாருங்கள்.

28 வோல்ற்று வந்ததும் விளக்கை எடுத்துவிட்டு, வெளியீட்டில் 180 ஓம் 10 வாற்றுத் தடையி ஒன்றைச் சுமையாக இணையுங்கள். அதில் 0.155 அம்பியர் ஓடும். தடையி நன்றாகச் சுடும். அது இயல்பு, ஆனால் தொடாதீர்கள். பத்து நிமிடம் விட்டு அளந்தால் வோல்ற்று அப்படியே நிற்க வேண்டும். ஆளியை நிறுத்திய பின் ஐ.சி.யைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடானால் சுருளில் குறை உண்டு.

இந்த மின்வழங்கி 28 வோல்ற்றில் தொடர்ந்து 0.175 அம்பியர், அதாவது ஏறத்தாழ 5 வாற்று, தரும். அப்படியானால் 9 வாற்று எப்படி வரும் என்று நீங்கள் கேட்பீர்கள். மனிதர் பேசும்போது சத்தம் ஒரே அளவில் நிற்பதில்லை. ஒரு சொல்லின் உச்சத்தில் கூடும், அடுத்த கணம் குறையும். உச்சத்துக்கு வேண்டியதைத் தொட்டி கொடுக்கும்; இடைவெளியில் தொட்டி மீண்டும் நிரம்பும். அதற்காகவே 2200 மைக்ரோ பரட்டை அம்பிளிபயரின் அருகிலே வைக்கிறோம். பழுதான வானொலியின் அன்ரனாப் பெரைட் கோலில் ஒரு சிறு துண்டை எடுத்து, தடித்த கம்பியைப் பதினைந்து சுற்றுச் சுற்றி, 28 வோல்ற்றுக் கம்பி அதனூடாக அம்பிளிபயருக்குப் போகும்படி செய்தால் ‘கீச்’ என்ற இரைச்சல் குறையும். கோலில் சுற்றும்போது காந்தத்தால் நிரம்பும் தொல்லை இராது. அது மூடிய வளையமல்ல. ஒலிவாங்கிக் கம்பியை மின்வழங்கியின் பக்கமாகக் கொண்டு போகாதீர்கள். ஆனால் உரத்த பாட்டைத் தொடர்ந்து போட்டால் தொட்டி வற்றிச் சத்தம் உடையும். இது பேச்சுக்கான கருவி.

பற்றரிக் கணக்கு

இனி முக்கியமான பகுதி. இந்தப் பெட்டி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வோல்ற்றை உயர்த்துகிறது, அதற்கு ஈடாகப் பற்றரியிலிருந்து கூடிய மின்னோட்டத்தை எடுக்கிறது. வழியில் கொஞ்சம் சூடாகவும் போகிறது. நூற்றுக்கு எண்பது பங்கு வெளியே வருகிறது என்று கணக்கிடுவோம். 5 வாற்று வெளியே வர, பற்றரி 6 வாற்றுக்குச் சற்று மேல் கொடுக்க வேண்டும். அதாவது 12 வோல்ற்றில் அரை அம்பியர்.

7 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றில் பாதியை மட்டுமே எடுக்க வேண்டும். அடிமட்டம் வரை வற்றவிட்டால் ஈயப் பற்றரியின் ஆயுள் விரைவாகக் குறையும். ஆகவே நமக்குக் கிடைப்பது 3.5 அம்பியர்-மணி. முழுச் சுமையில் அது 7 மணித்தியாலம். அதே பற்றரியில் 3 வாற்று எல்.ஈ.டி. விளக்கு ஒன்று எரிந்தால் கால் அம்பியர்தான் எடுக்கும். எனவே ஒலிபெருக்கி பேசும் ஒவ்வொரு மணித்தியாலமும், பிள்ளை படிக்கும் விளக்கின் இரண்டு மணித்தியாலம். இதைச் சொல்லியே ஒலிபெருக்கி வேலையைத் தொடங்க வேண்டும். செலவைக் கணக்கிடாமல் கோபுரம் கட்டத் தொடங்கியவரின் உவமை நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

எடுத்ததைத் திரும்பப் போடவும் வேண்டும். 20 வாற்றுச் சூரியத் தகடு நல்ல வெயிலில் ஏறத்தாழ ஓர் அம்பியர் தரும். 3.5 அம்பியர்-மணியை நிரப்ப நான்கு மணித்தியால நல்ல வெயில் தேவை. மாரியில் இதற்கு இரண்டு மூன்று நாளும் ஆகலாம்.

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்விநியோகம் நின்று, பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருளான காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். அப்போது சுற்றுபவர் களைத்தால் வானொலியின் சத்தமும் தளர்ந்தது. எவ்வளவு செலவாகிறது என்பதைக் கைகள் அறிந்திருந்தன. இந்தப் பெட்டி அப்படியல்ல. பற்றரி களைத்தாலும் வெளியே 28 வோல்ற்றை விடாமல் காக்கும், சத்தம் குறையாது. குறையாதது மட்டுமல்ல, பற்றரியின் வோல்ற்று இறங்க இறங்க அதே 6 வாற்றை எடுக்க மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். 12.6 வோல்ற்றில் 0.49 அம்பியர் எடுத்தது, 11 வோல்ற்றில் 0.56 அம்பியர் எடுக்கும். களைத்த மாட்டின் மேல் மேலும் சுமை ஏற்றுவது போன்றது. ஆகவே காதை நம்ப வேண்டாம். மல்ரிமீற்றரை நம்புங்கள். இயங்கிக்கொண்டிருக்கும்போது பற்றரி முனைகளில் 11.8 வோல்ற்று காட்டினால் கூட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

வெளியீட்டுக் கம்பிகள் இரண்டும் தொட்டுக்கொண்டால் ஐ.சி.யால் காப்பாற்ற முடியாது. ஆளி மூடாதிருந்தாலும் பற்றரியிலிருந்து சுருள், டையோட்டு வழியாக நேரே ஒரு பாதை உண்டு. அங்கே பியூஸ் ஒன்றுதான் பாதுகாப்பு. பியூஸ் எரிந்தால் கம்பித் துண்டைப் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

மின்னேற்றும் ஈயப் பற்றரிக்கு அருகே விளக்கோ அடுப்போ வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் வாயு தீப்பிடிக்கும்.

“230 வோல்ற்றிலிருந்தே இப்படி ஒன்று செய்யலாமே” என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அங்கே பலகையில் 325 வோல்ற்று நிற்கும். இரு பக்கங்களையும் பிரிக்கும் சுருளில் ஒரு சிறு பிழை போதும், ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவரின் கைக்கு அது வந்துவிடும். தகரக் கொட்டிலிலும் ஈரத் தரையிலும் அது உயிர் போகும் விடயம். கரண்ட் உள்ள இடத்தில் கடையில் வாங்கிய மின்னேற்றியால் பற்றரியை நிரப்பி, நமது வேலையைப் பற்றரியிலிருந்தே தொடங்குவோம்.

குழுவாகச் செய்து பார்க்க

1. 47 கிலோ ஓமுக்குப் பதிலாக 39 கிலோ ஓம் போட்டால் வெளியீடு எவ்வளவு? (விடை: ஏறத்தாழ 23.4 வோல்ற்று.)
2. உங்கள் பற்றரியில் இப்போது எத்தனை விளக்குகள் எரிகின்றன? ஒரு கிழமைக்கு ஒலிபெருக்கிக்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கலாம்? கணக்கை எழுதிப் பொதுவிடத்தில் ஒட்டுங்கள்.
3. பரீட்சைக் காலத்தில் எந்நேரத்துக்குப் பின் ஒலிபெருக்கி பேசக்கூடாது? இதைத் தாய்மாரும் மாணவரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும்.

முதலில் ஒருவர் மட்டும் செய்யாமல் இருவராகச் செய்யுங்கள். ஒருவர் ஒட்ட, மற்றவர் கால் இலக்கத்தை உரக்க வாசிக்கட்டும். செய்து முடித்ததும் இன்னொரு கிராமத்தவருக்குக் கற்றுக் கொடுங்கள். கையிலிருந்ததையெல்லாம் விட்டு வந்த நாட்களிலும் நம்மோடு கூட வந்தது நாம் கற்ற தொழில் ஒன்றே.